வெள்ளை பிடிக்காத வைக்கோல்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் உங்கள் கொழுந்தியாளும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அண்ணிக்குக் கண் பரிசோதனை முடிந்ததா? போனில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். நம் இரண்டு வீட்டுப் போனும் அக்கா தங்கை கையில் இருக்கும்வரை சகலைகளுக்குக் கடிதம்தான் கதி.

விஷயத்துக்கு வருகிறேன். பன்னிரண்டு வருஷம் கலவை மெஷினில் நின்றவனை நம்பி மேனேஜர் ஓர் அறையைக் கொடுத்திருக்கிறார். எங்கள் தொழிற்சாலையில் காய்கறி அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டி செய்கிறோம் அல்லவா, அதில் மூன்றில் ஒரு பங்கு பிளாஸ்டிக்கைக் குறைத்து வைக்கோல் தூளைச் சேர்க்க வேண்டும். வெறும் வைக்கோலைப் போட்டால் பிளாஸ்டிக் அதைச் சேர்த்துக்கொள்வதில்லை. பெட்டியின் மூலையை அழுத்தினால் வைக்கோல் தனியாக உருவிக்கொண்டு வருகிறது. ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கும் புருஷன் பெண்டாட்டி கதைதான்.

அதற்குத்தான் இந்த அறை. பட்ட மரத்தில் முளைக்கிற ஒரு காளானின் பூஞ்சையை வைத்து வைக்கோலைப் பதப்படுத்தப் போகிறேன். வைக்கோலை நறுக்கி, சுடுநீரில் ஊறவைத்து, வடித்து, ஆறியதும் பைகளில் அடைத்துக் காளான் வித்தைப் போட்டால், மூன்று வாரத்தில் பை முழுவதும் வெள்ளை நூலாகப் படரும். 'வெள்ளை பிடிக்கிறது' என்று சொல்வோம். வைக்கோலின் நார்களை இறுக்கிப் பிடித்திருக்கும் பிசினை அது தின்றுவிடும். கூடுதலாக நாலு நாள் விட்டால் நாரையும் தின்ன ஆரம்பித்துவிடும் என்பதால், சரியான நாளில் எடுத்துச் சூட்டில் காயவைத்து அதன் சாப்பாட்டை நிறுத்த வேண்டும். பிறகு அரைத்துக் கலந்தால் பிளாஸ்டிக் பிடித்த பிடியை விடாது.

ஜூன் வரை தவணை கொடுத்திருக்கிறார்கள். மூன்று முறை போட்டுப் பார்க்கலாம். பெட்டி நிற்கவில்லை என்றால் அறையைப் பூட்டிவிடுவார்கள். கலவை மெஷினில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. ஆகவே அறைக்கும் எனக்கும் ஒரே தலையெழுத்து.

மழை படாத வைக்கோலாக ஒரு லோடு அனுப்புங்கள். கடிதத்தை லாரிக்காரரிடமே கொடுத்துவிடலாம்.

உங்கள் பதிலையும் வைக்கோலையும் எதிர்பார்க்கும்
சகலை

ஜனவரி 18

பிரியமுள்ள தம்பிக்கு,

நானும் பெரியவளும் சுகம். முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது, அதற்கு மேல் அதனிடம் நான் எதிர்பார்ப்பதில்லை. உன் அண்ணிக்குக் கண்ணாடி போட்டாயிற்று. போட்ட அன்றே என்னைப் பார்த்து, "இவ்வளவு நரையா உங்களுக்கு?" என்று கேட்டாள். கண்ணாடி நன்றாகத்தான் வேலை செய்கிறது.

நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். காலமெல்லாம் நான் பூசணத்தோடு மல்லுக்கட்டிப் பிழைக்கிறேன். நீ சம்பளம் வாங்கிக்கொண்டு அதை வளர்க்கிறாய். நம் மாமனார் இந்த மாதிரி இரண்டு மாப்பிள்ளைகளை எங்கே போய்த்தான் தேடினாரோ.

ஆறு வருஷத்துக்கு முன்னால் என் கொட்டகை ஒழுகி நானூறு கட்டு கறுத்துப்போனது உனக்குத் தெரியும். மாட்டுப்பண்ணைக்காரர் ஒரு கட்டை முகர்ந்து பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் லாரியைத் திருப்பினார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை. அன்றிலிருந்து என் கொட்டகையில் ஒரு கரும்புள்ளி இருந்தால் நான் சோற்றில் கை வைப்பதில்லை. வைக்கோலைக் கட்டும் பேலர் மெஷினிலிருந்து கட்டுக் கட்டாக வெளியே வரும்போது ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துத்தான் அடுக்குகிறேன்.

முதல் லோடு இதோ வருகிறது. லாரிக்காரருக்கு ஹாரன் என்று பெயர் வைத்திருக்கிறோம். நிற்கிற வைக்கோல் கட்டைப் பார்த்தும் ஹாரன் அடிப்பார், மற்றபடி நல்ல மனுஷர். சின்னவளை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

அறையும் நீயும் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கும்
உன் சகலை

பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம், எனக்கு மட்டும் தூக்கம் கொஞ்சம் குறைவு. அண்ணியிடம் என் நரையைப் பற்றியும் எச்சரித்து வையுங்கள்.

முதல் முறை முடிந்தது. அறுபது பையில் நாற்பத்தொன்பது பை அழகாக வெள்ளை பிடித்தன. அதிலிருந்து செய்த பெட்டியில் மணலை நிரப்பி மேஜை உயரத்திலிருந்து போட்டோம். மூலை விரிந்தது, ஆனால் உடையவில்லை. மேனேஜர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் அவ்வளவு நேரம் பார்த்த பொருள் வேறு எதுவும் எனக்கு நினைவில்லை.

மீதிப் பதினொரு பையில் பச்சைப் பூசணம் வந்துவிட்டது. அது எங்கள் பூஞ்சைக்குப் பங்காளி, இடத்தைப் பிடித்தால் விடாது. உங்கள் வைக்கோல் துணைக்கு விருந்தாளியையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது போலிருக்கிறது! விளையாட்டுக்குத்தான் சொல்கிறேன். எங்கள் பக்கத்துச் சுத்தம் போதவில்லை என்றும் இருக்கலாம்.

சுத்தம் என்றதும் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னோடு மூன்று பேர் வேலை செய்கிறார்கள். வித்துப் போடுகிறவருக்குச் சுத்தக்காரம்மா என்று பெயர், வயது ஐம்பதுக்கு மேல். கையைக் கழுவிவிட்டால் கதவை முழங்கையால்தான் தள்ளுவார். கிருமிநாசினியைக் கரண்டியால் அளந்து, தண்ணீரையும் அளந்து, நோட்டில் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் துணியை நனைப்பார். ஒரு நாள் அவசரத்தில், "நீங்க ஆரம்பிங்கம்மா, அப்புறம் போடறேன்" என்றேன். "அப்புறம்னா அது அப்புறமாவே போயிடும் சார், இப்பவே போட்டுடுங்க" என்றார். போட்டேன். இப்போது இன்னும் கவனமாக இருக்கச் சொல்லியிருக்கிறேன். அவருக்கே அப்படிச் சொன்னது எனக்குக் கொஞ்சம் அதிகப்படியாகத்தான் தெரிந்தது.

அடுத்த லோடை அனுப்புங்கள்.

அன்புடன்
சகலை

மார்ச் 3

பிரியமுள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் தூக்கத்துக்கு ஒரு வழி சொல்கிறேன்: படுக்கும்போது பெட்டியைப் பற்றி நினைக்காதே, என்னைப் பற்றி நினை. உன் அண்ணி என் பேச்சைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுகிறாள்.

விருந்தாளி என்று எழுதியிருந்தாய். விளையாட்டுக்குத்தான் என்றும் எழுதியிருந்தாய், சரி. ஆனால் அன்றைக்கு முழுவதும் நான் கொட்டகைக்குள் கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். என் வைக்கோலைப் பற்றி ஒரு சொல் வந்தது என்றால் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடும். அதுவும் சொந்தக்காரன் வாயால்.

இந்த லோடில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கட்டைப் பிரித்துப் பார், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். இதற்காக நான் என்ன செய்தேன் என்று கேட்காதே, அது தொழில் ரகசியம். பெட்டி ஜெயித்த பிறகு நேரில் வந்து சொல்கிறேன், மாமனார் வீட்டில் எல்லாரையும் உட்காரவைத்துக்கொண்டு.

உன் சுத்தக்காரம்மாவை எனக்குப் பிடித்துவிட்டது. என் ஜாதகம்தான் அவருக்கும்.

வைக்கோல்காரச் சகலை

மார்ச் 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்களும் அண்ணியும் நலம் என்று நம்புகிறேன். எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

மனசுதான் சரியில்லை. இரண்டாவது முறை வித்துப் போட்டுப் பதினாறு நாளாயிற்று. அறுபது பையும் வந்த அன்று இருந்த மஞ்சளிலேயே இருக்கின்றன. வித்து விழுந்த இடத்தில் வெள்ளை தலைகாட்டி, இரண்டு விரல் அகலம்கூடப் போகாமல் நின்றுவிட்டது. பச்சைப் பூசணமும் இல்லை, எதுவுமே இல்லை. பையைத் திறந்து முகர்ந்தால் ஈர வைக்கோல் வாசனை மட்டும்தான். பூசணம் வந்திருந்தால்கூட எதனோடு சண்டை என்று தெரிந்திருக்கும்.

வைக்கோலைக் குறை சொல்ல வழியில்லை. "இவ்ளோ சுத்தமான வைக்கோலை நான் பாத்ததே இல்ல சார்" என்று சுத்தக்காரம்மாவே சொன்னார். அப்படியென்றால் வித்து கெட்டுப்போயிருக்க வேண்டும், அல்லது அறையின் சூடு, அல்லது நான். தினமும் பைகளுக்கு நடுவே நடக்கிறேன். ஆஸ்பத்திரியில் பேச்சு மூச்சில்லாமல் படுத்திருப்பவர்களைப் பார்க்கப் போனதுபோல இருக்கிறது.

உங்களுக்கு ஏதாவது தோன்றினால் உடனே எழுதுங்கள்.

சகலை

ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

என் போன கடிதம் கிடைத்ததா? ஹாரனும் இந்தப் பக்கம் வரவில்லை, அதனால் இதைத் தபாலில் அனுப்புகிறேன். அண்ணி போனில் நன்றாகத்தான் பேசுகிறார் என்றும், நீங்கள்தான் கொட்டகையே கதியென்று கிடக்கிறீர்கள் என்றும் உங்கள் கொழுந்தியாள் சொன்னாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது முறை முழுவதும் வீண். அறுபது பையையும் வெளியே கொட்டினோம். மேனேஜர் விசாரணை வைத்தார். கிருமிநாசினியை அளவுக்கு மேல் போட்டதால் வித்து செத்துவிட்டது என்று முடிவாயிற்று. சுத்தக்காரம்மாவைத் தற்காலிகமாக நீக்கியிருக்கிறார்கள். 'அலட்சியத்தால் ஏற்பட்ட இழப்பு' என்று அவர் பெயரைப் போட்டு ஒரு நோட்டீஸ் பன்னிரண்டாம் தேதியிலிருந்து தொங்குகிறது. காலையில் வருகைக்கு விரல் வைக்கிற மெஷினுக்கு நேர் மேலே.

போகும்போது தன் அளவுக் கரண்டியைக் கழுவி, துடைத்து, என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

மூன்றாவது முறைதான் மிச்சம்.

சகலை

ஏப்ரல் 27

பிரியமுள்ள தம்பிக்கு,

சுகம். நீயும் சின்னவளும் சுகமாக இருக்க வேண்டும். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பேலரில் முடிச்சுப் போடுகிற பாகம் உடைந்துவிட்டது, அதற்கு அலைந்தேன். பிறகு மழை. மழை என்றால் சாதாரண மழை இல்லை. கொட்டகைக் கூரையில் ஒரு தகடு தூக்கிவிட்டது, ஏறிச் சரிசெய்தேன். முழங்கால் திட்டியது. பக்கத்து நிலத்துக்காரர் ஒரு நாய் வாங்கியிருக்கிறார். அது என்னைக் கண்டால் குரைக்கிறது, திருடனைக் கண்டால் வாலாட்டுகிறது.

மூன்றாவது லோடு வருகிறது. இது வேறு கொட்டகையில் இருந்தது. அங்கங்கே ஒரு புள்ளி இருக்கும், பரவாயில்லை, சுடுநீரில் ஊறவைப்பாய்தானே. போன லோடில் கட்டு ஏதாவது மிச்சம் இருந்தால் அதை வைத்துக்கொள்ளாதே. கொட்டிவிடு. பழைய வைக்கோல் எதற்கு.

அந்த அம்மாவுக்குப் பிள்ளைகள் உண்டா? வீட்டில் வேறு யாராவது வேலைக்குப் போகிறார்களா? தற்காலிகமாக என்றால் எத்தனை நாளைக்கு?

வேறு விசேஷம் இல்லை.

சகலை

மே 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

அனைவரும் நலமா? பக்கத்து நிலத்து நாயோடு சமாதானம் ஆயிற்றா?

வெள்ளை பிடித்துவிட்டது அண்ணா! அறுபதில் ஐம்பத்தாறு. பையைப் பிரித்தால் அப்படியே ஒரே கட்டியாக, பஞ்சு போர்த்தியதுபோல வெளியே வருகிறது. புதுப் பெட்டியை நேற்று மணலோடு ஏழு முறை போட்டோம். ஏழாவது முறை தரையில்தான் கீறல் விழுந்தது. கலவை மெஷின்காரர்கள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். அறைக்கு இன்னும் ஒரு வருஷம் கிடைத்துவிட்டது. உங்கள் கொழுந்தியாள் மூன்று மாதத்துக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நீங்கள் கேட்டிருந்தீர்கள். சுத்தக்காரம்மாவுக்கு ஒரே மகள். கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். இங்கே அவர் தனியாகத்தான் இருக்கிறார். தற்காலிக நீக்கம் இந்த மாதம் முப்பத்தொன்றோடு முடிகிறது, ஆனால் திரும்பக் கூப்பிடப் போவதில்லை. நேற்று பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே மேனேஜர் சொன்னார்: "அந்தம்மா போனாங்க, வெள்ளை வந்துச்சு. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?" வேலையை விட்டு நீக்குகிற தாள் தயாராகிறது.

உங்கள் வைக்கோலுக்கு என் நன்றி. புள்ளி இருந்தாலும் நல்ல வைக்கோல்.

சகலை

மே 25

தம்பி,

நலம் விசாரிக்கவே கூச்சமாக இருக்கிறது. நேராகச் சொல்லிவிடுகிறேன், நீ உட்கார்ந்து படி.

அந்த இரண்டாவது லோடுக்கு நான் பூசண மருந்து அடித்தேன். விதை நெல்லுக்குக் கலக்கிற மருந்து. கட்டுக் கட்டும்போதே ஒரு முறை, லாரியில் ஏற்றுவதற்கு முந்தின நாள் இன்னொரு முறை. பாக்கெட்டில் போட்டிருந்த அளவைப்போல இரண்டு பங்கு. மழையிலும் கழுவிப்போகாது என்று அதிலேயே எழுதியிருந்தது, அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். உன் சுடுநீரில் மட்டும் எப்படிப் போகும்?

ஏன் என்று கேட்பாய். விதைக்கிறதுக்கு முன்னால் களையை அழிப்பதில்லையா? அப்படித்தான் நினைத்தேன். என் பக்கத்துப் பூசணத்தைக் கொன்று, நிலத்தைச் சுத்தமாக்கிக் கொடுத்தால் உன் பூஞ்சை தாராளமாகப் பரவும் என்று. அதுவும் இதுவும் ஒரே ஜாதி என்பது இந்த மரமண்டையில் ஏறவில்லை. விருந்தாளி என்று நீ எழுதினது வேறு உறுத்திக்கொண்டே இருந்தது. என்னை நீ வாய் நிறையப் பாராட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதுதான் உண்மை.

மார்ச் மாதம் நீ எழுதிய கடிதத்தைப் படித்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. நல்ல வைக்கோலை அனுப்பிவிட்டால் தானாகச் சரியாகிவிடும், நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை என்று பேசாமல் இருந்தேன். அந்த நல்ல வைக்கோலே அந்த அம்மாவுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. ஒருவர் சுத்தமாக இருந்ததற்காக அவமானப்பட்டிருக்கிறார் தம்பி, என்னால்.

இந்தக் கடிதத்தை உன் மேனேஜரிடம் காட்டு. முப்பத்தொன்றுக்குள் காட்டிவிடு. பெரியவளிடம் சொல்லிவிட்டேன். அவள் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

உன் அண்ணன்

ஜூன் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாமல் நலமாக இருங்கள். அண்ணி பேச ஆரம்பித்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். ஆரம்பித்தது பேச்சா ஏச்சா என்று தெரியவில்லை.

இருபத்தொன்பதாம் தேதி உங்கள் கடிதம் வந்தது. கையோடு மேனேஜரிடம் கொண்டுபோனேன். இரண்டு தடவை படித்துவிட்டு, தானே எழுந்துபோய் அந்த நோட்டீஸை எடுத்துவிட்டார். நீங்கள் கொட்டச் சொன்ன கட்டுகளில் நாலு, கிடங்கு மூலையில் கிடந்தன. அதில் ஒரு தட்டும் புது வைக்கோலில் ஒரு தட்டும் வைத்து வித்துப் போட்டேன். ஆறே நாளில் ஒன்று வெள்ளை, மற்றது மஞ்சள். இனி யாரும் மறுத்துப் பேச முடியாது.

ஞாயிற்றுக்கிழமை நானும் உங்கள் கொழுந்தியாளும் சுத்தக்காரம்மா வீட்டுக்குப் போனோம். மாடியில் ஓர் அறை. செருப்புகள்கூடக் கழுவி வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்காரச் சொன்னார். மருந்து விஷயத்தை எல்லாம் சொன்னேன். உங்கள் பேரில் கோபப்படவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, "நோட்டீஸ் எத்தனை நாள் தொங்குச்சு தெரியுமா சார்?" என்றார்.

"நாப்பத்தேழு நாள். பக்கத்து வீட்டுப் பொண்ணு உங்க பேக்கிங்லதான் வேலை செய்யுது. தினமும் சாயங்காலம் கேப்பேன், இருக்கான்னு. இருக்குன்னு சொல்லும்."

பிறகு, "அதே எடத்துல, அதே நாப்பத்தேழு நாள், என்ன நடந்துச்சுன்னு ஒரு பேப்பர் தொங்கட்டும். சரின்னா நாளைக்கே வேலைக்கு வரேன்" என்றார்.

திங்கட்கிழமையே மாட்டிவிட்டேன். 'வைக்கோலில் கலந்திருந்த பூஞ்சைக்கொல்லியே இழப்புக்குக் காரணம், வித்துப் போடுபவர் மீது எந்தத் தவறும் இல்லை' என்று. அவர் வந்து நின்று படித்துவிட்டு உள்ளே போனார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. இனி இதைப் பற்றி நினைக்காதீர்கள்.

சகலை

ஜூன் 10

பிரியமுள்ள தம்பிக்கு,

சுகம். உன் அண்ணி பேசுகிறாள். ஏச்சுதான், ஆனால் வேளாவேளைக்குச் சாப்பாட்டோடு சேர்த்துக் கிடைக்கிறது.

நினைக்காதே என்றால் நினைக்காமல் இருக்க முடியுமா? உன் நோட்டீஸில் மருந்து என்று இருக்கிறது, அடித்தவன் யார் என்று இல்லை. நீ என் மானத்தைக் காப்பாற்றுகிறாய். எனக்கு அது வேண்டாம். ஆறு வருஷமாக என் கொட்டகையில் புள்ளி இல்லை என்று ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்டவன் நான். இதையும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

என் கைப்பட ஒரு தாள் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நான் செய்தது, மறைத்தது, மறைத்ததால் அந்த அம்மாவுக்கு நேர்ந்தது எல்லாம் இருக்கிறது. எழுத்துக் கோணலாக இருக்கும், பெரியவள் படித்துப் பார்த்துத் திருத்தினாள். இதையும் பக்கத்தில் மாட்டு. மாட்டுவதற்கு முன்னால் அந்த அம்மாவிடம் படிக்கக் கொடு.

நீ எனக்காக ஒரு மாதம் கிடந்து தவித்திருக்கிறாய், ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. உன்னைப்போல நல்ல மனசு எனக்கு இல்லை தம்பி.

உன் அண்ணன்

ஜூன் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நான் உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது.

ஏப்ரல் மாத விசாரணையில், 'முடிவாயிற்று' என்று எழுதியிருந்தேன் அல்லவா? அது தானாக முடிவாகவில்லை. மேனேஜர் என்னைப் பார்த்து, "அந்தம்மா கிருமிநாசினியை அதிகமா போட்டிருப்பாங்களா?" என்று கேட்டார். தினமும் அந்த நோட்டில் கையெழுத்துப் போட்டவன் நான். ஒரு கரண்டிகூட அதிகம் இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் இல்லையென்றால் அடுத்த விரல் என்னை நோக்கித்தான் நீளும் என்பதும் தெரியும். "இருக்கலாம் சார்" என்றேன். அந்த அம்மா கதவுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

அந்த அம்மாவுக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிய ஒரு கடிதம் வேண்டியிருந்தது. எனக்கு எந்தக் கடிதமும் வேண்டியிருக்கவில்லை, நான் அங்கேயே இருந்தேன்.

உங்கள் தாளைப் பன்னிரண்டாம் தேதி அவரிடம் கொடுத்தேன். கையைக் கழுவித் துடைத்துவிட்டு வாங்கி, நின்றபடியே முழுவதும் படித்தார். மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இதை மாட்ட வேணாம் சார். இவர் என்னைப் பாத்ததே இல்ல, ஆனாலும் எழுதியிருக்கார். இவர் வைக்கோலைத்தான் பாத்தார். நீங்க என் கையைத் தினமும் பாத்தவங்க."

தாளைச் சட்டைப் பையில் வைத்தேன்.

"மருந்து எப்படி உள்ள வந்துச்சுன்னு சுவத்துல எழுதியிருக்கீங்க. நான் எப்படி வெளிய போனேன்னு எழுதலையே."

சொல்லிவிட்டு வித்துப் போடப் போய்விட்டார். அறையில் இப்போது வேலைப் பேச்சைத் தவிர என்னோடு வேறு பேச்சு இல்லை. நோட்டைக் கொண்டுவந்து நீட்டுகிறார், கையெழுத்துப் போடுகிறேன்.

மறுநாள் காலையில் பழைய தாளை எடுத்துவிட்டு வேறு ஒன்று மாட்டினேன். 'வித்துப் போடுபவர் கிருமிநாசினியைச் சரியான அளவில்தான் பயன்படுத்தினார். அது எனக்குத் தெரியும். விசாரணையில் கேட்டபோது என்னைக் காப்பாற்றிக்கொள்ள, "இருக்கலாம்" என்று பொய் சொன்னேன். அவர் வெளியே அனுப்பப்பட்டதற்கு அந்தச் சொல்தான் காரணம்.' கீழே என் பெயர், பதவி, கையெழுத்து. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "இவ்வளவு தேவையா? நாளைக்கு எவன் உங்க பேச்சைக் கேப்பான்?" என்றார். தேவைதான் என்றேன். அவர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

முதல் தாள் தொங்கிய பதினொரு நாளைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதை அவர் கேட்கவில்லை, நானே வைத்துக்கொண்ட கணக்கு.

காலையில் விரல் வைக்க வரிசையில் நிற்கும்போது, எனக்கு முன்னால் இருப்பவர்கள் அதைப் படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பாடுபடுகிறார்கள். சுத்தக்காரம்மா மட்டும் திரும்பி, "நகருங்க சார், உங்க முறை" என்கிறார். இன்று எட்டாவது நாள். இன்னும் முப்பத்தொன்பது நாள் இருக்கிறது.

நீங்கள் நினைத்த அளவுக்கு நல்லவன் இல்லாத
உங்கள் சகலை